நடு வரிசை மாணவருக்கு என்ன ஆகிறது?

ப்ளஸ் டூ மதிப்பெண் வந்த நாள் முதல் கலந்தாய்வு முடியும் வரை, பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்ப நினைக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது: எது நல்ல காலேஜ்? சொந்தக்காரர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் ஒரு பெயர், ட்யூஷன் மாஸ்டர் இன்னொரு பெயர். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கலந்தாய்வில் நீங்கள் கல்லூரியை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. விருப்பப் பட்டியலில் பதியும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கல்லூரிக் குறியீட்டு எண்ணும் ஒரு பாடப்பிரிவுக் குறியீடும் சேர்ந்தே இருக்கும். பிள்ளை பெரும்பாலான நேரத்தைக் கழிக்கப்போவது அந்தக் கல்லூரியின் ஒரு துறையில். அங்கே இருக்கும் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களிடம், சில லேப்களில், அறுபது சக மாணவர்களோடு. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: இந்தக் கல்லூரியின் இந்தத் துறையில் நடு வரிசையில் இருக்கும் மாணவர், அதாவது அறுபது பேரில் முப்பதாவதாக வருபவர், நான்கு ஆண்டு முடிவில் எங்கே நிற்கிறார்? அரியர் இல்லாமல் முடித்தாரா, என்ன வேலைக்குப் போனார், மேலே படிக்கப் போனாரா? கட்-ஆஃப், பிளேஸ்மென்ட், தரவரிசை, தரச்சான்று, கட்டணம் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

முப்பதாவது மாணவரை ஏன் பார்க்க வேண்டும், என் பிள்ளை எப்போதும் முதல் ஐந்துக்குள் வருபவள் ஆயிற்றே என்று பெற்றோருக்குத் தோன்றும். பள்ளியில் அது உண்மைதான். 2007-ல் நுழைவுத் தேர்வு நீங்கியதிலிருந்து, ப்ளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் ஒன்றே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. 185 வாங்கிய மாணவி எடுக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் 183-ம் 187-ம் வாங்கியவர்கள்தான் வருவார்கள். ஒவ்வொருவரும் அவரவர் பள்ளியில் முதல் ஐந்துக்குள் இருந்தவர்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவாலும் இந்த வீச்சு கொஞ்சம் விரியும். ஆனாலும் ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்தவர்கள் ஒரே வகுப்பில் சேரும்போது யார் முதலில் வருவார், யார் நடுவில் நிற்பார் என்று சேரும் நாளில் யாராலும் சொல்ல முடியாது. நடுவில் நிற்க நேர்ந்தாலும் பிள்ளையைக் கைவிடாத துறை எது என்று தேடுவதுதான் பாதுகாப்பு. முதலிடத்துக்கு வந்துவிட்டால் அது கூடுதல் லாபம்.

சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு பயன் உண்டு: உங்கள் மதிப்பெண்ணுக்கு எந்தெந்த இடங்கள் எட்டும் என்று தோராயமாகக் காட்டும். கூடப் படிக்கும் மாணவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்பதையும் காட்டும். அது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் பாடத்தில் பாதியைப் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர்தான் கற்கிறார்கள். ஆனால் கட்-ஆஃப் என்பது உள்ளே வந்தவர்களின் மதிப்பெண். அவர்கள் வெளியே போகும்போது என்ன ஆனார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு கல்லூரிக்குப் பெயர் வந்தால் கட்-ஆஃப் ஏறும். கட்-ஆஃப் ஏறியதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் பலர் அதையே கேட்பார்கள். நடுவில் நல்ல ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தாலும் இந்தச் சுழற்சி சில ஆண்டுகள் தானாகவே ஓடும். கட்-ஆஃப் பட்டியல் எல்லையைக் குறிக்க உதவும். அந்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

அடுத்தது பிளேஸ்மென்ட். பேருந்து நிலையத் தட்டிகளிலும் நாளிதழ் முழுப்பக்க விளம்பரங்களிலும் இரண்டு எண்கள் பெரிதாக நிற்கும்: ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்ற உச்சச் சம்பளம், 90 சதவீதத்துக்கு மேல் வேலைவாய்ப்பு. உச்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. முப்பதாவது மாணவருக்கு அதனால் எந்தச் செய்தியும் இல்லை. சதவீதத்தில் பார்க்க வேண்டியது எதற்கு எத்தனை என்பது. உதாரணத்துக்கு 600 பேர் சேர்ந்த ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அரியர் இல்லாமல், கம்பெனிகள் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு, கேம்பஸ் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 330 பேர். வேலை கிடைத்தது 300 பேருக்கு. தட்டியில் 91 சதவீதம் என்று போடலாம், அதில் பொய் இல்லை. ஆனால் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்தான் வேலையோடு வெளியே வந்தார்கள். ஒரே மாணவருக்கு மூன்று கம்பெனிகள் கொடுத்த வேலைக் கடிதங்களை மூன்றாக எண்ணினால் கணக்கு இன்னும் அழகாகிவிடும். எனவே கல்லூரியில் கேட்க வேண்டியது சதவீதத்தை அல்ல. இந்தத் துறையில் நான்கு வருடம் முன்பு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை, நடு மாணவருக்கு என்ன சம்பளம் என்று மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

இந்த எண்களை எங்கே போய்ப் பிடிப்பது, கல்லூரிகள் சொல்லவா போகின்றன என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்குச் சொல்கின்றன; நாம்தான் பார்ப்பதில்லை. மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கெடுக்கும் கல்லூரிகள் ஒரு விரிவான படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். அந்தப் படிவத்தில் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புக்கு என்று ஓர் அட்டவணை இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தனர், உரிய காலத்துக்குள் எத்தனை பேர் பட்டம் முடித்தனர், எத்தனை பேருக்கு வேலை, அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக, மூன்று ஆண்டுகளுக்கு. இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. நாம் தேடும் மாணவருக்கு மிக அருகில் வரும் எண் இதுதான். தரவரிசையில் 80-வது இடமா 120-வது இடமா என்று பார்ப்பதைவிட இந்த அட்டவணையைப் பத்து நிமிடம் படிப்பது மேல். ஏனென்றால் தரவரிசை மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஆராய்ச்சிக்கும் தொழில்சார் பணிகளுக்கும் போகிறது, 10 சதவீதம் மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20 சதவீதம்தான். இளநிலை வகுப்பில் எதுவும் மாறாமலே, ஆய்வுக் கட்டுரைகள் பெருகினால் ஒரு நிறுவனம் பல இடங்கள் மேலேறலாம். இந்தப் படிவத்துக்கும் குறை உண்டு: எண்களைக் கல்லூரியே தருகிறது, எல்லாத் துறைகளையும் சேர்த்தே தருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களின் சம்பளத்துக்குப் பின்னால் சிவில் மாணவர்களின் நிலை மறைந்துபோகும். துறைவாரியான எண்ணை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். கேட்டவுடன் தருகிறார்களா, மழுப்புகிறார்களா என்பதிலும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

தரச்சான்றுகளில் நாக் என்பது கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஆகவே என்.பி.ஏ.தான் நமக்கு அதிகம் உதவும். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. வாசலில் மாட்டியிருக்கும் பலகையை நம்பாமல், நீங்கள் சேரும் பிரிவுக்குச் சான்று இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று என்.பி.ஏ. தளத்திலேயே பாருங்கள். சான்று இருப்பதால் மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று உறுதி இல்லை. பல ஆண்டுகள் ஓடிய ஒரு பிரிவுக்குச் சான்று இல்லையென்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி ஆசிரியர்கள். நடு வரிசை மாணவரின் தலையெழுத்தை மாற்றுகிறவர்கள் இவர்களே என்பதால் இங்கே நிதானமாக நிற்க வேண்டும். முதல் மாணவர் எந்த ஆசிரியர் இருந்தாலும், இல்லாவிட்டாலும், யூடியூபைப் பார்த்தாவது படித்துவிடுவார். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் பிடிபடாமல் தடுமாறும் மாணவருக்கு, அதே ஆசிரியர் அடுத்த செமஸ்டரிலும் இருப்பது, சந்தேகம் கேட்க மாலையில் அறையில் ஆள் இருப்பது, இவையே அரியருக்கும் தேர்ச்சிக்கும் நடுவே உள்ள இடைவெளி. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. முன்பு 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்திருந்த விகிதத்தை 2018-ல் 20-க்கு ஒருவர் என்று தளர்த்தியது. அந்தத் தளர்த்திய கணக்கிலேயே, ஆண்டுக்கு 60 பேர் சேரும் பிரிவில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 மாணவருக்கு ஏறக்குறைய 12 ஆசிரியர் வேண்டும். இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இருந்த உச்ச வரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் 120 இடம் வைத்திருந்த கல்லூரி 480-க்குப் போனால், நான்கு ஆண்டு நிறையும்போது 1,920 மாணவர். 96 ஆசிரியர் வேண்டும். அதே ஊரில் உள்ள ஐந்து கல்லூரிகளும் ஒரே நேரத்தில் இப்படிப் பெருக்கினால், கற்றுத்தரத் தெரிந்த இத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்? கட்டடம் ஒரு வருடத்தில் எழுந்துவிடும், ஆசிரியர் குழு அப்படி எழாது. சமீபத்தில் இடங்களைப் பெருக்கிய துறையை, அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும் என்பது என் கருத்து.

ஆசிரியர் பட்டியலைத் தளத்தில் பார்த்தால் போதாதா என்றால், போதாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதை வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. காகிதத்தில் இருப்பவர் வகுப்பில் இருக்கிறாரா என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகள்தான் சொல்ல முடியும். கல்லூரி நடக்கும் ஒரு சாதாரண நாளில் போங்கள். திறந்த நாள் விழாவுக்கு அல்ல. கேன்டீனிலோ பஸ் நிறுத்தத்திலோ அதே துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், "தம்பி, உங்க கிளாஸ்ல அரியர் இல்லாம எத்தனை பேர் இருக்காங்க? போன வருஷம் பாடம் எடுத்தவங்க இந்த வருஷமும் இருக்காங்களா? லேப்ல மெஷின நீங்களே ஓட்டுறீங்களா, இல்ல அவங்க ஓட்டிக் காட்டுறாங்களா?" என்று கேளுங்கள். மூன்று நான்கு பேரிடம் கேட்டு ஒரே பதில் வந்தால் நம்பலாம்.

தேர்ச்சி விகிதத்தையும் பார்க்க வேண்டும், ஆனால் அதைக் கட்-ஆஃபோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அண்ணா பல்கலைக்கழகமே பொதுவான கேள்வித்தாளில் தேர்வு நடத்துகிறது, கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. 180-க்கு மேல் வாங்கியவர்களைச் சேர்த்து 80 சதவீதம் தேர்ச்சி காட்டும் கல்லூரியைப் பாராட்டப் பெரிதாக ஒன்றுமில்லை. 140 வாங்கியவர்களைச் சேர்த்து ஒரு கல்லூரி 65 சதவீதம் தேர்ச்சி காட்டினால், அங்கே யாரோ உட்கார்ந்து உண்மையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நடுத்தர மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இப்படிப்பட்ட கல்லூரியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது. தன்னாட்சிக் கல்லூரிகளை இந்த வகையில் ஒப்பிட முடியாது. பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்தம் மூன்றும் அவர்கள் கையில். நல்ல துறைக்கு அது வரம், பாடத்தைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சோம்பலான துறைக்கு அது மறைப்பு. இரண்டு வருடக் கேள்வித்தாள்களை வாங்கி, அதே பாடத்துக்கான பல்கலைக்கழகக் கேள்வித்தாளோடு பக்கத்தில் வைத்து, தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டினால் வித்தியாசம் விளங்கிவிடும்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: கம்பெனிகள் பெயரைப் பார்த்துத்தான் வருகின்றன; துறை எப்படி இருந்தால் என்ன, பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனால் கதவு திறக்கும். இதில் உண்மை இருக்கிறது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியோ, 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ, கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்றவையோ எட்டும் மதிப்பெண் இருந்தால், அங்கே எந்தத் துறையின் நடு மாணவரும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருப்பார். அதிகம் யோசிக்க வேண்டாம். ஆனால் கலந்தாய்வுக்கு வரும் பெரும்பாலானவர்களுக்கு அந்த இடங்கள் எட்டுவதில்லை. அவர்கள் முன்னால் இருப்பவை நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். அங்கே பெயர் என்பது பெரும்பாலும் விளம்பரச் செலவின் அளவு. கம்பெனி வருவதும் ஆளை எடுப்பதும் வேறு வேறு: வளாகத்துக்கு ஐம்பது கம்பெனி வந்தாலும், அவர்கள் வைக்கும் தேர்வில் தேறுவது வகுப்பில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.

இன்னொரு வாதம், எந்தக் கல்லூரியானாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும் என்பது. பிள்ளைக்கு நிரல் எழுதுவதில் உண்மையான ஆசை இருந்தால், அதை மறுத்து வேறு துறையில் தள்ளுவது பாவம். ஒரு படி கீழே உள்ள கல்லூரியில் நல்ல கம்ப்யூட்டர் துறையைத் தேடிக் கொடுங்கள். ஆனால் ஐ.டி. வேலை என்பதற்காக மட்டும் கேட்கிறார்கள் என்றால், பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களை மொத்தமாக எடுக்கும்போது இ.சி.இ., ட்ரிபிள் இ, மெக்கானிக்கல் என்று பல துறைகளிலிருந்தும் எடுக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். அப்படிப்பட்டவருக்கு ஆசிரியர் இல்லாத கம்ப்யூட்டர் துறையைவிட, உறுதியான இ.சி.இ. துறையே நல்லது என்பேன். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப் பெயரில் வரும் பிரிவுகளுக்குத் தனியாக ஆசிரியர்கள் இருக்கிறார்களா, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்களே இரண்டு பலகைகளுக்கும் பங்கிடப்பட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அதேபோல் பெயர் பரவாத நல்ல துறைகளும் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பி.டெக். படிப்பு நடக்கிறது, கலந்தாய்வு வழியாகவே சேரலாம். மின்கலம் பற்றி உலகமே பேசும் காலத்தில், அதை ஆய்வு செய்யும் விஞ்ஞானிகளின் கூடத்திலேயே படிக்கும் வாய்ப்பு அது. கல்லூரிப் பெயரை மட்டும் தேடுகிறவர் கண்ணில் இது படாது.

பணமும் தூரமும் பல வீடுகளில் எல்லாவற்றுக்கும் மேலான காரணங்கள். அவற்றை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, 2017-ல் கட்டண நிர்ணயக் குழு விதித்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000. இதற்கு மேல் பஸ், ஹாஸ்டல், பயிற்சி என்று கேட்கப்படும் தொகையை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த இடம் கிடைத்த பிள்ளையைச் செலவுக்கு அஞ்சி வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்திவிடக் கூடாது. பெண் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் கவலை உண்மையானது. ஆனால் தினமும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி காலேஜ் பஸ்ஸில் கழித்தால் பிள்ளைக்குப் படிக்கத் தெம்பு இருக்காது. நேரில் போய் ஹாஸ்டலைப் பார்த்து, வார்டனிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்கு வெளியே, தங்கள் சொந்த நுழைவுத் தேர்வில் இடம் தருகின்றன. மேலே சொன்ன கட்டண வரம்பும் அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றிடமும் பிளேஸ்மென்டுக்குச் சொன்ன அதே மூன்று எண்களைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் மாணவர் சேரும் இடத்தில் நடு மாணவரைப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இன்றே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று யார் அவசரப்படுத்தினாலும், அசல் சான்றிதழ்களை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது, சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு விருப்பப் பட்டியலைப் போடும்போது, கிடைக்குமா என்று யோசித்து வரிசைப்படுத்துவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. உங்கள் தரவரிசை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி ஒதுக்கும். எட்டாத இடத்தை முதலில் போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. எனவே உண்மையில் எது அதிகம் வேண்டுமோ அதை மேலே வையுங்கள், எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐம்பது, நூறு வரிகள் போட்டாலும் தவறில்லை. சேர விருப்பமே இல்லாத துறையை மட்டும் பட்டியலில் எங்கேயும் வைக்காதீர்கள், கிடைத்துவிடும். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் பெயரைப் பார்த்துப் பதியாமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு இதைவிட மேலான விருப்பத்துக்காகக் காத்திருக்கும் வழியும் உண்டு. மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் முதலில் ஏற்ற இடம் தானாக நீங்கிவிடும். ஆகவே அந்த வழியைத் தேர்வு செய்யும் முன், மேலே உள்ள ஒவ்வொரு வரிக்கும் பிள்ளை மனதாரச் சம்மதிக்கிறாரா என்று உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள்.